பழைய விளையாட்டுக் கணிப்பொறியைப் புதுக்குதல்

வீட்டிலுள்ள விளையாட்டுக் கணிப்பொறி பழமையுற்றுத் தளருங்கால், அதனை முற்றும் நீக்கிப் புதியது வாங்குதல் எல்லார்க்கும் இயல்வதன்று. மாணாக்கர்க்கோ அது பெரும்பாலும் எட்டாக் கனியே. ஆதலின், உள்ள பொறியில் எவ்வுறுப்பை மாற்றினால் அது மீண்டும் விரைந்தியங்கும் என்னும் வினா நம்மிற் பலர்க்கு எழுகின்றது. விடுதித் தாழ்வாரத்தில் இதுபற்றி நிகழும் வாதங்களை யாம் பலகாலும் கேட்டிருக்கின்றோம். ஒருவர் கிராபிக்ஸ் கார்டு என்பார். மற்றொருவர் பிராஸஸர் என்பார். மூன்றாமவர், ராம் ஒன்று கூடப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு கட்டிவிடுவார். மூவரும் தத்தம் பொறியிற் கண்டதையே கூறுகின்றனர். மூவர் கூற்றும் அவ்வப் பொறிக்கு மெய்யே. கேட்டவருடைய பொறிக்கு எது மெய் என்பதை மட்டும் ஒருவரும் ஆராய்ந்திலர்.

யாமும் அங்ஙனம் ஆராயாது 20,000 ரூபாயைச் செலவிட்டுக் கையைச் சுட்டுக்கொண்டவர்களே. அப்பணம் எம் தமக்கையார் மாலை வேளைகளிற் சிறுவர்க்குப் பாடஞ்சொல்லி ஈட்டியது. அது வீணானவாற்றையும், பின்னர் ஒருவாறு பயன்பட்டவாற்றையும் இடையிடையே கூறி, உறுப்புக்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கு விளக்கப் புகுகின்றோம்.

எம் பொறி 2017 ஆம் ஆண்டில் தந்தையார் வாங்கித் தந்தது. அதன் உறுப்புக்களை ஈண்டுக் கூறுதல் வேண்டும். அவ்வாண்டை ஒட்டி நடுத்தரக் குடும்பத்தார் வாங்கிய பொறிகளுட் பல ஏறக்குறைய இதனையே ஒத்தவை. இண்டெல் கம்பெனியாரின் ஏழாந் தலைமுறையைச் சார்ந்த கோர் ஐ5-7400 என்னும் பிராஸஸர். எச்110 வகை மதர்போர்டு. 8 ஜிபி அளவுள்ள டிடிஆர்4 ராம், ஒரே ஸ்டிக்காக. என்விடியா கம்பெனியாரின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்னும் 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டு. 1 டிபி ஹார்டு டிஸ்க். கேபினட்டோடு சேர்ந்து வந்த எஸ்.எம்.பி.எஸ். ஒன்று, 1080பி மானிட்டர். வாங்கிய காலத்தில் இதனைக் காண அண்டை வீட்டுப் பிள்ளைகள் வந்து நிற்பர். ஆறாண்டு கழிந்தபின் எம் தம்பியே அதன்முன் உட்காரச் சலித்துக்கொள்ளலானான்.

இப்பொறி தேய்ந்துவிட்டதா? தேயவில்லை. பிராஸஸரில் அசையும் உறுப்பு ஒன்றுமில்லை. 2017 இற் செய்த கணக்கை அது இன்றும் செய்யவல்லது. மாறியவை விளையாட்டுக்களே. பெரிய விளையாட்டுக்களை ஆக்குவோர் முதலிற் கருத்திற் கொள்வது, தொலைக்காட்சியோடு இணைத்து ஆடும் கன்ஸோல்களை. 2013 இல் வெளிவந்த பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் என்னும் இரண்டிலும் இருந்த பிராஸஸர் வலிமை குன்றியது. சேமிப்புக்கு ஹார்டு டிஸ்கே அமைந்திருந்தது. அவற்றிற்கென ஆக்கப்பட்டவை எம் பொறியில் இனிதே ஓடின. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் என்பன வந்தன. அவற்றில் எட்டுக் கோர்களையுடைய வலிய பிராஸஸரும், விரைந்து படிக்கும் எஸ்.எஸ்.டி. சேமிப்பும் அமைந்தன. பழைய கன்ஸோல்களுக்கும் சேர்த்து ஆக்கும் வழக்கம் மெல்ல மெல்லக் குறையவே, நான்கு கோர்களும் ஹார்டு டிஸ்கும் உடைய வீட்டுப் பொறிகள் பின்தங்கின. 2023 இல் வந்த ஸ்டார்பீல்டு, எஸ்.எஸ்.டி. இன்றியமையாதது என வெளிப்படையாகவே விதித்தது. 2024 டிசம்பரில் வந்த 'இண்டியானா ஜோன்ஸ் அண்டு தி கிரேட் சர்க்கிள்', 2025 மே மாதத்தில் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' ஆகிய இரண்டும், ஒளிக்கதிரின் போக்கைக் கணக்கிடும் ரே டிரேஸிங் அமைப்புடைய கார்டு இருந்தாலன்றி ஓடா. எம் 1050 டிஐ அவ்வமைப்பு இல்லாதது.

எனினும், கடைக்குப் புறப்படுமுன் காசின்றிச் செய்யத்தக்கன சில உள. பிராஸஸர் மிக்க வெப்பமுற்றால், தன்னைக் காத்துக்கொள்ளும்பொருட்டுத் தன் விரைவைத் தானே குறைத்துக்கொள்ளும். எம் கேபினட்டைத் திறந்தபோது, விசிறிக்கும் அதன் கீழுள்ள அலுமினியத் தகடுகளுக்கும் இடையே தூசி கம்பளிபோற் படிந்திருந்தது. தூசியை நீக்கிப் பழைய தெர்மல் பேஸ்டைத் துடைத்துப் புதியது இட்டபின் வெப்பம் ஏறத்தாழ 20 பாகை தணிந்தது. இடையிடையே ஆட்டம் தடைப்பட்டு நிற்பதும் ஓரளவு குறைந்தது. மற்றொன்று, ஏஎம்டி கம்பெனியார் 2021 ஜூன் மாதத்தில் வெளியிட்ட எப்எஸ்ஆர் என்னும் முறை. படத்தைச் சிறிதாகத் தீட்டி, பின்னர்ப் பெரிதாக்கிக் காட்டும் இம்முறை, அதனை ஏற்ற விளையாட்டுக்களில் பழைய கார்டுகளிலும் பயன்படும். பெரிதாக்கிய படம் சற்றே மங்கலாயிருக்கும் என்பது உண்மையே; ஆயினும் காசில்லாமற் கிடைப்பதைச் சோதித்துப் பார்ப்பதில் இழப்பு யாதுமில்லை.

இனி, தலையாய விஷயத்திற்கு வருவோம். விளையாட்டில் நாம் காணும் அசைவு திரைப்படத்திற் காணும் அசைவைப் போன்றதே. நிலைப்படங்கள் ஒன்றன்பின் ஒன்றாக விரைந்து தோன்றுதலால் விளைவது. வேற்றுமை யாதெனின், திரைப்படத்தின் படங்கள் முன்னரே எடுத்து வைக்கப்பட்டவை; விளையாட்டின் படங்களோ அந்தந்தக் கணத்தில் புதிதாக ஆக்கப்படுகின்றன. வினாடிக்கு 60 படங்கள் வேண்டுமாயின், ஒரு படத்திற்குக் கிடைக்குங் காலம் 16.7 மில்லிவினாடியே. அதற்குள் இருவகை வேலை நடைபெறவேண்டும். யார் எங்கே நகர்ந்தார், எறிந்த பந்து சுவரிற் பட்டதா, பகைவன் அடுத்து யாது செய்வான் என்பவற்றைக் கணக்கிட்டு, இன்னின்னதைத் தீட்டுக என்று கட்டளையிடுதல் பிராஸஸரின் வேலை. அக்கட்டளைப்படி நிறமும் நிழலும் அமையத் தீட்டுதல் கிராபிக்ஸ் கார்டின் வேலை. ஒரு படத்தைக் கார்டு தீட்டிக்கொண்டிருக்கும்போதே அடுத்த படத்தின் கணக்கைப் பிராஸஸர் செய்துகொண்டிருக்கும். ஆதலின் இவ்விரண்டனுள் எது மெதுவானதோ அதுவே மொத்த விரைவை வரையறுக்கின்றது. கலவை வந்து சேராவிடத்துக் கொத்தனார் எத்துணை வல்லவராயினும் கரண்டியைக் கையிற் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டியதே. எடுத்துக்காட்டாக, பிராஸஸர் ஒரு படத்திற்கு 25 மில்லிவினாடியும் கார்டு 12 மில்லிவினாடியும் கொள்ளுமாயின், வினாடிக்கு 40 படங்களே கிட்டும். கார்டை மாற்றி அதன் காலத்தை 6 மில்லிவினாடியாகக் குறைத்தாலும் கிட்டுவன அந்த 40 படங்களே.

எவ்வுறுப்பு மெதுவானது என்று அறிவது எங்ஙனம்? மிக எளிய சோதனை ஒன்று உண்டு. 1080பி என்பது 1920க்கு 1080 புள்ளிகள், அஃதாவது ஒரு படத்திற்கு 20,73,600 புள்ளிகள். அதனை விளையாட்டின் அமைப்புப் பக்கத்தில் 1280க்கு 720 ஆக மாற்றினால், தீட்டவேண்டியவை 9,21,600 புள்ளிகளாகக் குறையும். கார்டின் சுமை பாதிக்குங் கீழே இறங்குகின்றது. பிராஸஸரின் சுமையோ பெரும்பாலும் மாறுவதில்லை. இம்மாற்றத்தால் விரைவு நன்கு கூடினால் இதுகாறுந் தடையாயிருந்தது கார்டு எனவும், விரைவு அப்படியே நின்றால் தடை பிராஸஸர் அல்லது ராம் எனவும் துணியலாம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரை நோக்கியும் அறியலாம். கார்டு இடையறாது 100 விழுக்காட்டை ஒட்டி உழைக்குமாயின் அதுவே தடை. ஆனால் பிராஸஸரின் விழுக்காட்டை நம்பி ஏமாறுதல் கூடாது. நான்கு கோர்களுள் ஒன்று முழுதும் உழைத்து, ஏனைய மூன்றும் அரைகுறையாக உழைப்பின், சராசரி 60 என்றே காட்டும்; பார்ப்பவர் இன்னும் 40 எஞ்சியுள்ளது என்று கருதுவர். எஞ்சியது ஒன்றுமில்லை. அந்த ஒரு கோரின் வேலையை மற்றவற்றிற்குப் பகிர்ந்தளிக்க அவ்விளையாட்டு அறியாது.

இச்சோதனையைச் செய்யக் கால் மணி நேரமும் ஆகாது. 2023 இல் யாம் அதைச் செய்யவில்லை. புதிய கார்டு வாங்கினால் எல்லாம் விரையும் என்று நம்பித் தமக்கையார் தந்த பணத்தில் ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6600 கார்டை வாங்கி வந்தோம். எம் தம்பி பெரிதும் விரும்பி ஆடியது, 2015 இல் வெளிவந்த 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' என்னும் நகரமைக்கும் விளையாட்டு. அதில் அவன் ஈராண்டாக வளர்த்த நகரம் ஒன்று இருந்தது. நகரம் பெருகப் பெருக, ஒவ்வொரு வண்டிக்கும் வழிதேடும் கணக்கும் பெருகும். அக்கணக்கு முழுதும் பிராஸஸருக்குரியது. புதிய கார்டை மாட்டி அந்நகரைத் திறந்தோம். பழைய கார்டில் எப்படி நகர்ந்ததோ அப்படியே நகர்ந்தது. வண்டிகள் நின்று நின்று சென்றன. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த தமக்கையார், “கார்டு வந்தபின்னுமா தம்பி, இப்படி நிற்கின்றது?” என்றார். யாம் விடை கூறவில்லை. கார்டைப் பெரிதும் வேண்டும் வேறு சில விளையாட்டுக்களில் முன்னேற்றம் தெரிந்தது மெய்யே. ஆயின் அவற்றை அவன் ஆடுவது அரிது.

ராம் பற்றி நோக்குவோம். 8 ஜிபி இக்காலத்திற்குப் போதாது. 16 ஜிபி வேண்டும். ராம் நிரம்பியதும் விண்டோஸ், எஞ்சியதை ஹார்டு டிஸ்கில் எழுதி வைத்து, வேண்டும்போது மீண்டும் எடுக்கின்றது. அவ்வேளையிற்றான் ஆட்டம் திடீரென உறைந்து நிற்கும். அளவேயன்றி எண்ணிக்கையும் கருதத்தக்கது. எம் மதர்போர்டு இரண்டு ராம் ஸ்டிக்குகளை இரு வழியாக ஒருங்கே படிக்கவல்லது. 2400 வேகமுள்ள டிடிஆர்4 ஸ்டிக் ஒன்று வினாடிக்கு 19.2 ஜிபி தரும், இரண்டாயின் 38.4 ஜிபி தரும். ஒரே ஸ்டிக்கை வைத்திருந்த யாம் ஆறாண்டுகளாக ஒரு வழியை அடைத்தே வைத்திருந்தோம். அதே அளவும் அதே வேகமும் உள்ள இன்னொரு ஸ்டிக்கை வாங்கிப் பக்கத்திலுள்ள இடத்திற் பொருத்தியது, 2023 இல் யாம் செய்த செலவுகளுள் மிகச் சிறியதும் மிக்க பயன் தந்ததுமாகும். டிடிஆர்4 இருக்குமிடத்தில் டிடிஆர்5 பொருந்தாது; அதன் அடியிலுள்ள வெட்டே வேறிடத்தில் இருக்கும்.

ஹார்டு டிஸ்கினுள்ளே காந்தத் தட்டு நிமிஷத்திற்கு 7200 முறை சுழல்கின்றது. ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிவினாடி, வேண்டிய இடம் முள்ளின்கீழ் வரச் சராசரி அரைச்சுற்று, அதற்குமுன் முள் அவ்விடத்திற்கு நகருங் காலம் வேறு. ஒரு படத்திற்கு 16.7 மில்லிவினாடியே உள்ளது என்று மேலே கண்டோம். சிதறிக் கிடக்கும் ஒரு சிறு துண்டைத் தேடி எடுப்பதற்கே அவ்வளவு பொழுது கழியுமாயின், ஆட்டத்தின் நடுவே புதிய இடத்துள் நுழையும்போது தடைப்படுவதில் வியப்பென்ன? எஸ்.எஸ்.டி.யில் சுழல்வதும் நகர்வதும் இல்லை. ஸாட்டா வகை எஸ்.எஸ்.டி. வினாடிக்கு ஏறத்தாழ 550 எம்பி படிக்கும். என்விஎம்இ வகை அதனினும் பன்மடங்கு. எம் பழைய மதர்போர்டில் என்விஎம்இ பொருத்த இடமில்லை; ஸாட்டா வகையே வாங்கினோம். ஹார்டு டிஸ்கிலிருந்து ஸாட்டாவுக்கு மாறுவது பெரிய தாண்டல். ஸாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறுவதை விளையாடுவோர் பெரும்பாலும் உணரார். எஸ்.எஸ்.டி. வாங்கினால் வினாடிக்குரிய படங்கள் கூடும் என்று கூறுவோர் உளர். அது தவறு. காத்திருத்தலும் இடைத்தடையும் குறையும். தீட்டும் விரைவு கூடாது.

கிராபிக்ஸ் கார்டைத் தேர்ந்தெடுப்பதிற் பழைய பொறியுடையார்க்கென்றே சில கண்ணிகள் உள. 2022 ஜனவரியில் வந்த ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி என்னும் கார்டு விலை குறைந்தது என்று பலர் வாங்கினர். மதர்போர்டோடு பேசுதற்கு அக்கார்டுக்கு நான்கு வழிகளே உண்டு. பிசிஐஇ 4.0 உடைய புதிய பொறிகளில் அது ஓரளவு போதும். எம் பொறியைப்போல் 3.0 உடையவற்றில் ஒரு வழிக்கு வினாடிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. நான்கிற்கும் 4 ஜிபியே. கார்டிலுள்ள 4 ஜிபி நினைவகம் நிரம்பி, ராமிலிருந்து படங்களை எடுக்க நேருங்கால், அக்குறுகிய வழியில் நெரிசல் உண்டாகும். மலிவான கார்டைத் தேடுவோர் பழைய பொறியினரே. அவர்களுக்கே அது பொருந்தாமற் போயிற்று. இதுபோன்றே 2024 டிசம்பரில் வந்த இண்டெலின் ஆர்க் பி580, 12 ஜிபி நினைவகத்தோடு விலையிலும் நயமானது; ஆயினும் ரீஸைஸபிள் பார் என்னும் வசதி மதர்போர்டில் இல்லையேல் அது மிகத் தளரும். பழைய பொறிகளுட் பலவற்றில் அவ்வசதி இல்லை. கார்டின் நீளம் கேபினட்டினுள் அடங்குமா என்பதையும் அளந்து பார்த்தல் நலம். மானிட்டர் வினாடிக்கு 60 படங்களே காட்டவல்லதாயின், 140 படங்கள் தரும் கார்டை வாங்குவதாற் பயன் சிறிதே என்பதும் நினைவில் இருத்தற்பாலது.

நிற்க. வாங்குவோர் நினைவிற் கடைசியாகவும், சேதத்தில் முதலாகவும் வருவது எஸ்.எம்.பி.எஸ். எம் பழைய 1050 டிஐ கார்டுக்குத் தனி மின்கம்பி வேண்டியதில்லை. மதர்போர்டின் வழியே வரும் 75 வாட் அதற்குப் போதும். ஆர்எக்ஸ் 6600 கொள்வது 132 வாட். அதற்கு எட்டு முனைக் கம்பி ஒன்று வேண்டும். எம் எஸ்.எம்.பி.எஸ்.ஸில் அது இல்லை. கடையிலிருந்தவர் ஒரு மாற்றுக் கம்பியைத் தந்து, “இதைப் போட்டுக்கொள்ளுங்கள், ஓடும்” என்றார். ஓடியது, ஒரு மாதம். ஒரு நாள் மாலை, தம்பி ஆடிக்கொண்டிருக்கும்போதே பொறி அணைந்தது. கருகிய நாற்றம் அறை முழுதும் பரவியது. அன்றிரவு யாம் உணவு கொள்ளவில்லை. மறுநாள் நண்பரொருவர் தம் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கொணர்ந்து மாட்டிப் பார்க்க, கார்டும் பிறவும் பிழைத்திருப்பது தெரிந்தது. அதனை நற்பேறு என்றே கூறவேண்டும். எம் அறிவுடைமையால் நிகழ்ந்ததன்று.

பின்னரே அதன் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தோம். பெரிய எழுத்தில் 450 என்று இருந்தது. கீழே சிறிய கட்டத்தில், 12 வோல்ட் என்னும் வரிசைக்கு நேரே 18 ஆம்பியர் என்று இருந்தது. பிராஸஸரும் கிராபிக்ஸ் கார்டும் மின்சாரங் கொள்வது பெரும்பாலும் அவ்வரிசையிலிருந்தே. 12ஐ 18ஆற் பெருக்கினால் 216 வாட். கார்டு 132, பிராஸஸர் 65, ஆக 197. அதன்மேல் டிஸ்க், விசிறிகள் முதலியன. எட்டு மணி நேரம் தலைச்சுமையோடு நடப்பவனைப்போல் அது நாள்தோறும் தன் எல்லையிலேயே நின்றிருக்கின்றது. ஆதலின் எஸ்.எம்.பி.எஸ். வாங்குவோர் பெரிய எழுத்தைப் பாராது அச்சிறிய கட்டத்தைப் பார்த்துப் பெருக்கிக்கொள்க. 80 பிளஸ் என்னும் முத்திரை, வாங்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே செல்கின்றது என்பதையே குறிக்கும். மிகுசுமையிலும் மின்னழுத்த ஏற்றத்திலும் காக்கும் அமைப்புக்கள் உளவா என்பதைத் தனியே கேட்டறிதல் வேண்டும். மாற்றுக் கம்பியை மட்டும் ஒருவரும் நம்பற்க.

இனிப் பிராஸஸர். எம் தடை அதுவே என்று அறிந்தபின் அதனை மாற்றலாமே என்று தோன்றும். ஈண்டுத்தான் மதர்போர்டு குறுக்கே நிற்கின்றது. எச்110 போர்டு இண்டெலின் ஆறாம், ஏழாந் தலைமுறைகளையே ஏற்கும். 2017 அக்டோபரில் வந்த எட்டாந் தலைமுறைக்கும் 1151 முனைகளே, உருவிலும் ஒன்றே, ஆயினும் பழைய போர்டில் அது இயங்காது. எனவே எமக்கு எட்டக்கூடிய உச்சம் ஐ7-7700. அதிலும் கோர்கள் நான்கே. ஒரு கோர் இரு வேலைகளை மாறிமாறிச் செய்யும் என்பதே ஐ5ஐக் காட்டிலும் அதற்குள்ள பெருஞ்சிறப்பு. அதற்கும் மேலாக ஒரு தடை உண்டு. விண்டோஸ் 10க்கு மைக்ரோசாப்ட் கம்பெனியார் அளித்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏற்பது, சில விலக்குகள் தவிர, இண்டெலின் எட்டாந் தலைமுறை முதலாகவே, டிபிஎம் 2.0 என்னும் காப்பமைப்பும் வேண்டும். வாலரண்ட் என்னும் விளையாட்டு விண்டோஸ் 11இல் ஓடுதற்கு அவ்வமைப்பையும் ஸெக்யூர் பூட் என்பதையும் கட்டாயமாக்கியுள்ளது. ஆகவே ஐ7-7700 வாங்கியிருந்தால், எமக்கு வாயில் அடைபட்ட வீட்டிற்கு வெள்ளையடித்த கதையே ஆகியிருக்கும்.

இவ்வளவும் கண்டபின் எம் மனத்திற் பட்டது ஒன்று. ஓர் உறுப்பை வாங்குமுன், இது இப்பொறிக்கு எவ்வளவு விரைவு தரும் என்று மட்டும் கேட்டாற் போதாது. இந்த மதர்போர்டு போனபின்னும் இது எம்மோடு வருமா என்றுங் கேட்கவேண்டும். எஸ்.எஸ்.டி. வரும், நல்ல எஸ்.எம்.பி.எஸ். வரும், கார்டு வரும், கேபினட்டும் மானிட்டரும் வரும், அடுத்த போர்டும் டிடிஆர்4 வகையாயின் ராமும் வரும். ஐ7-7700 வாராது. வருவனவற்றை முதலிலும் வாராதனவற்றை இறுதியிலும் வாங்குவோர், பல தவணையாகச் செலவு செய்தே புதிய பொறியை அடைந்துவிடுவர். யாம் அவசரப்பட்டு வாங்கிய கார்டும் இவ்வகையைச் சார்ந்ததாயிருந்தமையாற்றான் தமக்கையாரின் பணம் முற்றும் வீணாகாமற் பிழைத்தது.

2025 இன் இடையில், இறுதியில் வாங்கவேண்டியதை வாங்கினோம். ஏஎம்டியின் ஏஎம்4 என்னும் வகையில், 2022 ஏப்ரலில் வந்த ரைஸன் 5 5600 என்ற பிராஸஸரும், அதற்குரிய பி550 போர்டும். அதற்குப் பின்வந்த ஏஎம்5 வகை புதியதே. ஆயின் டிடிஆர்5 அன்றி வேறு ராமை அது ஏலாது. ரைஸன் 5 5600க்கு ஆறு கோர்கள். ஒரே வேளையிற் பன்னிரண்டு வேலைகள். குளிர்விக்கும் விசிறியும் அதனோடே வருகின்றது. அதனுள் தனிப் படக்காட்சி அமைப்பு இல்லை. கிராபிக்ஸ் கார்டு இல்லாதார் அதனை வாங்கினால் மானிட்டர் இருண்டே கிடக்கும். எம் இரண்டு ராம் ஸ்டிக்குகளையும் அதில் இட்டோம். ரைஸன் 3200 வேகத்து ராமோடு இன்னும் நன்றாக ஓடும் என்பதை அறிவோம்; 2400 வேகத்தாற் சிறிது இழக்கின்றோம். கையிலிருந்ததை விட்டுப் புதியது வாங்கப் பணம் இல்லை, அவ்வளவே. அவ்வாண்டின் இறுதியில் உலகெங்கும் ராமின் விலை கடுமையாக ஏறியபோது, அந்த இழப்பு எமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை.

ஏஎம்4 போர்டை முன்னரே உடையவர்க்கு வழி இன்னும் எளிது. 2017 இல் வந்த முதல் ரைஸனுக்கென வாங்கிய போர்டுகளுட் பலவற்றில், பயாஸைப் புதுப்பித்தால் 5600 பொருந்தும். பயாஸைப் பழைய பிராஸஸர் மாட்டியிருக்கும்போதே புதுப்பித்துக்கொள்க. கழற்றியபின் நினைவு வந்தாற் பொறி தொடங்காது. புதுப்பிக்கும்போது மின்சாரம் நின்றால் போர்டே பயனற்றுப் போதலும் கூடும், ஆதலின் யூ.பி.எஸ். இல்லாதார் மின்தடை வாராத வேளையாகப் பார்த்துச் செய்க. போர்டை மாற்றுவோர், பொறியோடு வந்த விண்டோஸ் உரிமம் பழைய போர்டோடு பிணைந்ததாயின் அது உடன்வாராது என்பதையும் செலவிற் சேர்த்துக்கொள்ளவேண்டும். எமக்கு இது முன்னரே தெரியாது.

பயன்படுத்திய கார்டு வாங்குவோர்க்கு ஒரு சொல். 2022 செப்டம்பர் 15 அன்று ஈதீரியம் என்னும் மின்நாணயம் தன் முறையை மாற்றியதும், அந்நாணயத்தை ஆக்கும்பொருட்டு இரவு பகலாய் உழைத்த கார்டுகள் பல சந்தைக்கு வந்தன. அவையெல்லாம் கெட்டவை என்று கூறோம். விற்பவர் வீட்டிலேயே அரை மணி நேரம் கடினமான ஆட்டம் ஒன்றை ஓட்டி, விசிறிகள் ஒழுங்காகச் சுழல்கின்றனவா, திரையிற் புள்ளிகளோ கோடுகளோ தோன்றுகின்றனவா, வெப்பம் எவ்வளவு ஏறுகின்றது என்று நோக்கியபின்னரே பணத்தைக் கொடுக்கவேண்டும். பயன்படுத்திய எஸ்.எம்.பி.எஸ். எவ்வளவு மலிவாயினும் வேண்டா.

புதிய போர்டை மாட்டிய அன்று தம்பி முதலில் திறந்தது அப்பழைய நகரத்தைத்தான். வண்டிகள் நகர்ந்தன, பாலத்தின்மேல் எப்போதும் நின்றுகிடந்த வரிசை கலைந்தது. வினாடிக்கு எத்தனை படங்கள் என்று அவன் எண்ணிக்கொண்டிருந்தான். தமக்கையார் சற்று நேரம் நின்று பார்த்து, “இந்தப் பேருந்துகளெல்லாம் எங்கே போகின்றன?” என்று கேட்டார், அவன் ஒவ்வொரு தடமாகக் காட்டத் தொடங்கினான். ஐ5-7400 தனக்குள்ளேயே படக்காட்சி அமைப்பு உடையது. ஆதலின் அதனையும் பழைய போர்டையும் கொண்டு தமக்கையாரின் மாணாக்கர் தட்டச்சுப் பழகுதற்கு ஒரு சிறு பொறி அமைக்க எண்ணியுள்ளோம். அதற்கு ஒரு ராம் ஸ்டிக் வேண்டும். விலை இறங்கட்டும் என்று போர்டை அதன் பழைய அட்டைப்பெட்டியிலேயே இட்டுப் பரண்மேல் வைத்திருக்கின்றோம்.